பெட்டி இல்லாத ரூட்டர்

"ரூட்டர் இமேஜ் ஃபைலை கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சா?" என்றார் கணவர்.

"ஏத்தியாச்சு. பெட்டியே இல்லாம ரூட்டர் எப்படிங்க ஓடும்?" என்றாள் மனைவி.

"பெட்டி எதுக்கு? உள்ள இருக்கற சாஃப்ட்வேர் போதும், கம்ப்யூட்டருக்குள்ளயே ஓடும். இப்ப ஸ்டார்ட் பண்ணலாம். அது கண்ணு முழிக்க நேரமாகும், அவசரப்படக் கூடாது."

"அவசரப்பட்டது நீங்கதான்."

அவர் பாட்டுக்கு ஒரு பட்டனைத் தட்டினார். திரையில் எழுத்துகள் வரிவரியாக ஓடின.

அடுத்த அறையிலிருந்து ஒரு பெண்குரல், "சாப்பாடு ஆறிப்போகுது, வாங்க" என்றது.

"இதோ வந்துட்டேம்மா" என்று அவர் எழுந்தார். இறப்பதற்கு முன் மாணவர்களுக்காக அவர் பதிவு செய்த கடைசி வீடியோ பாடம் அத்துடன் நின்றது.

"என் குரல் விழுற இடத்தை வெட்டிடுங்க, மானம் போகுது" என்று அன்று சண்டை பிடித்த மனைவி, இன்று அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓடவிட்டாள்.

"இதோ வந்துட்டேம்மா" என்றார்.