கிருபனின் நிறம்

“இன்னிக்குமா போகணும்? வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்களே” என்றார் கணவர் யோகநாதன்.

“ரெண்டு நாளைக்கு ஒருக்கா கிருபனுக்குச் சாப்பாடு மாத்தணுங்க. என்னையத் தவிர யாரு இருக்கா?” மாலினி கட்டுகஸ்தோட்டையில் பஸ் ஏறினாள்.

மகனுக்குத் தலசீமியா. பிறந்த சில மாதங்களிலேயே வெளிறிய முகம்.

தான் ஆராய்ச்சி செய்யும் பேராதனை ஆய்வுகூடத்தில் குழாயைச் சுழற்றி எடுத்தாள். அவனுடைய எலும்பு மச்சையிலிருந்து எடுத்து, அவள் போசணைத் திரவம் மாற்றி மாற்றி வளர்க்கும் உயிர்க்கலங்கள். கருவில் சுரந்த நல்ல இரத்தத்தைப் பிறந்தபின் தடுத்துவிடும் புரதத்தின் அளவை அவற்றில் குறைத்திருந்தாள். குழாயின் அடியில் செக்கச்செவேலென்று ஒரு பொட்டு!

உடனே போன் செய்தாள். “என்னங்க, கிருபன் செவந்துட்டான்!”

யோகநாதன் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“இங்க அவனோட மூணாம் வருஷப் படையலுக்கு இலை போட்டாச்சும்மா. நீ அங்க சாப்பாடு குடுத்துட்டே வா.”