பதிவுக்கூடத்தில் ஓர் இருமல்

ஒரு காலத்தில் பாட்டுகள் பதிவாகி வானொலிக்குப் போன கூடம், இப்போது காபிக்கடை. பழைய கலைஞர்கள் நால்வரை உட்காரவைத்த முதலாளி, அழகுக்காகக் கதவு மேலிருக்கும் சிவப்பு விளக்கைப் போட்டுவிட்டு, கூடத்தின் வரலாற்றை முழங்கத் தொடங்குகிறார். அந்த விளக்கு எரிந்தால் பதிவு ஓடுகிறது என்று அர்த்தம். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. பழக்கதோஷத்தில் நால்வரும் சிலையாகிறார்கள். வயலின்காரரின் கரண்டி கோப்பைக்கு மேல் அந்தரத்தில் நிற்கிறது. கோரஸ் பாடகிக்கோ தொண்டையில் இருமல் குறுகுறுக்கிறது. இருமினால் டேக் போச்சு; கைக்குட்டையைக் கடித்துக்கொள்கிறாள். மௌனத்தை மரியாதை என்றெண்ணிய முதலாளி தன் தாத்தா காலத்துக்கே போய்விடுகிறார். அவள் கண்ணில் நீர் முட்டுகிறது. "அழாதீங்கம்மா, இன்னும் நிறைய இருக்கு" என்று அவர் உருகுகிறார். அதற்கு மேல் தாங்காமல் அவள் பூனைபோல நடந்து போய் விளக்கை அணைக்கிறாள். அதுவரை மூச்சை அடக்கியிருந்த நால்வரும் ஒரே சுருதியில் இருமுகிறார்கள். "டேக் ஓகே!" என்று கத்துகிறார் வயலின்காரர். "மௌனம் பிரமாதமா வந்திருக்கு அக்கா, பேச்சை மட்டும் வெட்டிடலாம்!"