மேற்குச் சரிவில் ஒரே ஒரு ஆள்

“வண்டியை நான் எடுக்க மாட்டேன், மார்லா. அவன் வரட்டும். என் மூஞ்சியைப் பார்த்துப் பதில் சொல்லிட்டு அப்புறம் வீட்டுக்குப் போகட்டும்.”

ரோந்துக்கு வந்த வேட்டைக் காவல் அதிகாரி மார்லா, வேட்டைக்கு வந்த ஹார்லன் செய்து வைத்திருந்த வேலையைப் பார்த்தாள். பூட்டிய இரும்புக் கேட்டுக்கும் பாறைக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. அந்தச் சந்தை அடைத்தபடி தன் பிக்கப் வண்டியைக் குறுக்கே நிறுத்தியிருந்தான். பனிக்காலம் முடியும்வரை மோட்டார் வண்டிகள் உள்ளே போகக்கூடாது என்று கேட்டில் பலகையே தொங்குகிறது. அதைப் பொருட்படுத்தாமல் எவனோ சந்து வழியாக நாலு சக்கரப் பைக்கை ஓட்டிக்கொண்டு போயிருந்தான். அப்பால் இருந்த ஈரப் புல்வெளியில் ஏர் உழுததுபோல இரண்டு கோடுகள்.

ஓரத்தில் நின்ற, பைக் ஏற்றிவரும் காலி டிரெய்லரின் நம்பர் பலகையைப் பார்த்ததுமே ஹார்லனுக்குப் பாதி விளங்கிவிட்டது. வேறு மாவட்டத்துக்காரன். மொன்டானா மாநிலத்தில் எந்தக் கேடு நடந்தாலும் அது பக்கத்து மாவட்டத்திலிருந்துதான் வரும் என்பது ஹார்லன் போன்றவர்களின் தீராத நம்பிக்கை.

அவனுடைய கோபத்திலும் நியாயம் இல்லாமலில்லை. இந்த மலையில் கொம்புள்ள எல்க் மானைச் சுட அனுமதிச் சீட்டு குலுக்கலில்தான் கிடைக்கும். பதினொரு வருடம் எழுதிப் போட்டு இந்த வருடம்தான் அவன் பெயர் விழுந்தது. இன்றைக்குக் கடைசி நாள். விடியுமுன் முழங்கால் பனியில் ஐந்து மைல் ஏறி, கால் விரல்கள் மரத்துப்போக உட்கார்ந்திருந்தான். எட்டரை மணிக்கு, மான் புதரை விட்டு வெளியே வரும் நேரத்தில், கீழே அந்த எஞ்சின் சத்தம். மந்தையே சிதறிப் போய்விட்டது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

“நடந்து போனா இவனுங்களுக்குக் கால் தேஞ்சிடுமா? நோகாம நோம்பு கும்பிடணும். இது என்ன அவன் அப்பன் வீட்டுத் தோட்டமா? எல்லாருக்கும் பொதுவான காடு.”

காரணம் தெரியாமல் பேச வேண்டாம் என்று மார்லா சொல்லிப் பார்த்தாள். வண்டியை எடுத்து ஓரமாக விடுங்கள், அவன் வந்ததும் நானே விசாரித்துக்கொள்கிறேன் என்றாள். ஹார்லன் சாவியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். போன வருடமும் இப்படித்தான் யாரோ ஓட்டினார்கள், சாட்சி இல்லை என்று நீங்கள் விட்டுவிட்டீர்கள் என்று அவளையும் ஒரு பிடி பிடித்தான். இந்த முறை கோர்ட்டுக்கே வரத் தயார் என்றான்.

“எழுதிக்கோ. விடிஞ்சதுலேர்ந்து ஒன்பது மணி வரைக்கும் மேற்குச் சரிவுல நான் ஒருத்தன்தான் இருந்தேன். வேற ஈ காக்கா இல்ல. ஏறிப் போனதும் இறங்கி வந்ததும் என் பூட்ஸ் தடம் மட்டும்தான், போய்ப் பார்த்துக்கோ. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் உனக்கு?”

மார்லா நோட்டில் எழுதினாள். அவன் கேட்டு வாங்கிக் கையெழுத்தும் போட்டான்.

மை காய்வதற்குள் எஞ்சின் சத்தம் கேட்டது. கூடவே விடாமல் ஹாரன். ஹார்லன் தன் வண்டியில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டான். பைக் புல்வெளியைக் கடந்து வந்தது. பின்னால் ஆரஞ்சுத் துணி சுற்றி எதையோ கட்டியிருந்தது தெரிந்தது.

“பாரு, எனக்கு வரவேண்டிய மானைக் கட்டிக்கிட்டு வர்றான். ஹாரன் வேற. வாடா, வா.”

“வண்டியை எடுங்க,” என்று வந்தவன் கத்தினான். “கும்பிட்டுக் கேக்கிறேன், எடுங்க.”

முதலில் ஓடியவள் மார்லா. பைக்கில் கட்டியிருந்தது மான் இல்லை. வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு ஆள். முகம் வெளுத்துக் கிடந்தது, மூச்சு மட்டும் இருந்தது. ஹார்லன் சாவியைத் தேடினான். பதற்றத்தில் அது பைக்குள் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. ஒருவழியாக வண்டியைப் பின்னுக்கு எடுத்தான். அவ்வளவு நேரம் திட்டியதற்கு அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மார்லா வயர்லெஸ்ஸில் ஹெலிகாப்டர் கேட்டுவிட்டு, காயத்தை அழுத்திப் பிடித்தாள். வந்தவன் பெயர் லைல். படுத்திருப்பது அவன் தம்பி. காலையில் இருவரும் நடந்துதான் உள்ளே போயிருக்கிறார்கள். தம்பியைத் தூக்கி வர முடியாமல், கேட்டுவரைக்கும் ஓடி வந்து டிரெய்லரிலிருந்த பைக்கை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

ஹார்லன் தன் கோட்டைக் கழற்றி அடிபட்டவன்மேல் போர்த்தினான். என்னை மன்னிச்சிடு தம்பி, விஷயம் தெரியாம வழியை மறிச்சிட்டேன் என்று லைலிடம் மெதுவாகச் சொன்னான்.

“நீங்க பரவாயில்லைங்க,” என்றான் லைல். “சுட்டவன்தான் எட்டிக்கூடப் பார்க்கல. உச்சிக்குக் கிழக்குப் பக்கம் நாங்க சும்மா உக்காந்து காப்பி குடிச்சிட்டிருந்தோம். ஏழு மணி இருக்கும். ஒரே ஒரு வெடிச் சத்தம், மேற்குச் சரிவுலேர்ந்து.”

மார்லா நோட்டைப் பார்த்தாள். பிறகு ஹார்லனைப் பார்த்தாள். காலை ஏழு மணிக்கு வெறும் வானம் பின்னணியாக உச்சியில் நின்ற மானை அவன் சுட்டதையும், குறி தப்பியதையும், அந்தக் குண்டு உச்சியைத் தாண்டி எங்கே போனது என்று நினைத்துக்கூடப் பார்க்காததையும் இனி அவன் வாயால் சொல்லித்தான் அவளுக்குத் தெரியவேண்டும் என்பதில்லை.