செவந்தி போட்ட முடிச்சு

தூக்கணாங்குருவிகளின் பள்ளிக்கூடத்தில், கூடு பின்னும் பாடத்தில் செவந்திதான் முதல் மார்க். ஆனால் மறு வருஷம் அந்த வகுப்பில் அவளுக்கு இடமில்லை.

"பின்னல் ஆம்பிளைப் பசங்களுக்கும்மா. நீ கூடு பார்த்து எடுக்கிற வகுப்புக்குப் போ," என்றார் வாத்தியார் குருவி.

"நல்லாத்தானே சார் பின்னினேன்?"

"அதனாலதான் உனக்கு நல்ல கூடா பார்த்து எடுக்க வரும்."

செவந்திக்கு அது சரி போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது.

வளர்ந்தபின் பார்த்த கூடெல்லாம் தொளதொளத்தது. உள்ளதில் தேவலையென்று முத்தையன் கூட்டுக்குக் குடிபோனாள். முதல் காற்றிலேயே ஒரு பக்கம் பிரிந்தது. அவன் இரை தேடப் போன நேரத்தில் நார் கிழித்து வந்து அவளே இழுத்து முடிந்தாள்.

அந்தப் பக்கம் வந்த வாத்தியார் அந்த முடிச்சையே உற்றுப் பார்த்தார். "இதுதாம்மா ஆம்பிளை முடிச்சு. உனக்கு வருமா?"

செவந்தி தன் அலகில் ஒட்டியிருந்த நாரைப் பார்த்தாள். வரும் என்றுதான் அதுவரை அவள் நினைத்திருந்தாள்.