கூடுதல் சால்வை

"சார், சால்வை ஒண்ணு கூடுதலா இருக்குதே! தப்பா வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள் மதிவதனி. அரசியல் அறிவியல் துறைக்குப் புதிதாக வந்த கௌரவ விரிவுரையாளர் அவள்.

"இருக்கட்டும்மா. கடைசி நேரத்துல யாராச்சும் வந்து நிப்பாங்க" என்றார் நடராசன்.

துறைத் தலைவர் ஆனந்தராஜுக்கு அன்று பணி நிறைவு விழா. மாலை, கார், நினைவுப் பரிசாக உள்ளூர்ப் பீங்கான் விளக்கு என்று எல்லாவற்றுக்கும் அலைந்தவர் நடராசன்தான். அவரும் கௌரவ விரிவுரையாளர். கௌரவமெல்லாம் பெயரில் மட்டும்தான். வருஷா வருஷம் வேலையைப் புதுப்பித்துக்கொண்டே தலை நரைத்துவிட்டது.

"இனிமேலாவது அவரு எடம் உங்களுக்குக் கெடைக்கணும் சார். வெளிநாட்டுப் பத்திரிகையில எல்லாம் எழுதியிருக்கீங்க."

நடராசன் சிரித்து வைத்தார். அவரும் ஆனந்தராஜும் பெண்ணாடத்தில் ஒரே பள்ளிக்கூடம். இருவருமே இந்தியாவையும் இலங்கையையும் ஒப்பிட்டு டாக்டர் பட்டம் வாங்கியவர்கள். நேர்காணலுக்கும் சேர்ந்தேதான் போனார்கள். இருந்ததோ ஒரே ஒரு நிரந்தர இடம். அதற்கப்புறம் அந்தப் பாடத்துக்கு ஆள் எடுக்கவே இல்லை.

ஏற்புரைக்கு எழுந்தார் ஆனந்தராஜ். "ஒரே மாதிரி இருக்கற ரெண்டு நாட்ட எடுத்துக்கணும். எந்த எடத்துல வழி பிரிஞ்சுதுன்னு பாக்கணும். இத்தனை வருஷமா அதைத்தான் நடத்துனேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். நடராசனும் தட்டினார்.

"யாருமே வரல சார்" என்று மீந்த சால்வையை அவரிடமே கொடுத்தாள் மதிவதனி.

வழக்கப்படி மாலையும் கழுத்துமாக ஆனந்தராஜை வீட்டில் கொண்டுபோய் விட நடராசன் காரில் கூடவே போனார்.

"நெசத்துல எனக்கு ஒரு வயசு கம்மிடா. ஸ்கூல்ல சேக்கறப்போ வாத்தியாரு வாய்க்கு வந்த தேதியப் பொறந்த நாளுன்னு போட்டு வுட்டாரு. இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் ஓட்டியிருப்பேன்" என்று புலம்பினார் ஆனந்தராஜ். "நீ கவலப்படாத. என் பாடத்த இனிமே உனக்கே குடுக்கச் சொல்லி பிரின்சிபால்கிட்ட பேசிட்டேன்."

"சரி" என்றார் நடராசன்.

வாசலில் ஆனந்தராஜின் மனைவி வேல்விழி ஆரத்தி எடுத்தாள். அவர் போன் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

"உங்களுக்கு எப்பண்ணே விழா? நாங்க ரெண்டு பேரும் மொத ஆளா வந்து நிப்போம்."

நடராசன் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"கௌரவ விரிவுரையாளருக்கு ஏதும்மா விழா? அறுபது முடிஞ்சா வூட்டுக்குப் போவ வேண்டியதுதான். எனக்கும் இன்னிக்குத்தான் கடைசி நாளு. ஒண்ணாத்தான ஸ்கூல்ல சேந்தோம்... வாத்தியாரு ரெண்டு பேருக்கும் ஒரே தேதியத்தான் போட்டாரு."