ஒரு லட்சத்து மூன்று

மின்சாரம் போனதும் போத்தனூர் அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது. உள்ளே ஆஃப்ரின் மட்டும் இருந்தாள். இருட்டில் கதவைத் தட்டி அலறினாள்.

“பயப்படாதீங்க அம்மணி. ஆளுங்க வந்துட்டிருக்காங்க” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் ஆண்குரல் கேட்டது.

“அண்ணா, என்னை உட்டுட்டுப் போயிராதீங்க!”

“எங்கயும் போகமாட்டேனுங்க. நீங்க என்ன படிக்கறீங்க?”

“எம்.எஸ்சி. கணக்குங்ண்ணா.”

“அப்ப ஒரு லட்சத்து மூணு பகா எண்ணான்னு பார்த்துச் சொல்லுங்க.”

மூச்சு வாங்கியபடியே அவள் மனதுக்குள் வகுக்கத் தொடங்கினாள்.

“ஏழுல வகுத்தா ஒண்ணு மிச்சம்.”

“பதினொண்ணுல?”

“ரெண்டு.”

“பதிமூணுல?”

“ஏழு. இது எதுக்குமே மசியாது போலிருக்குங்ண்ணா!” அவளுக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது.

அப்போது கதவை நெம்பித் திறந்தார்கள். மெக்கானிக் கைகொடுத்து அவளை மேலே தூக்கிவிட்டார்.

“இத்தனை நேரம் எங்கூடப் பேசிட்டிருந்த அண்ணா எங்கீங்க?”

மெக்கானிக் பக்கத்து லிஃப்டைக் காட்டினார். “அதுக்குள்ள மாட்டிட்டிருக்காருங்க. உங்களைத்தான் மொதல்ல எடுக்கச் சொல்லிப்போட்டாரு.”

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து அதே குரல், இப்போது நடுங்கியபடி வந்தது.

“அந்தப் புள்ள வெளிய வந்தாச்சுங்களா? அப்படீன்னா சீக்கிரம் தொறங்க. எனக்கு மூச்சு முட்டுதுங்க.”