ஊருக்கு ஒரு வேஷம்

"சினிமா வேற, நிஜம் வேறன்னு தெரிஞ்ச மனுஷன் இந்த வேடசந்தூர் தாலுகாவுலயே ஒருத்தன்தான் இருக்கான். அது நான்" என்றார் நல்லுசாமி.

சிரிக்காமல்தான் சொன்னார். எதிரே உட்கார்ந்திருந்த நடிகர் வீரணனும் சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையில் அவர் இல்லை. நல்லுசாமியின் தங்கை சொர்ணலட்சுமியைப் பெண் கேட்டு வந்திருந்தார். அவரும் நல்லுசாமியும் திண்டுக்கல்லில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஆனாலும் பெண்ணுக்கு அப்பா இல்லாத வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

மாப்பிள்ளையிடம் குறை ஒன்றும் இல்லை. குறை ஊர்க்கோடி டெண்டுக் கொட்டகையில் இருந்தது. அங்கே இந்த வாரம் ஓடும் படத்தில் அவர் வில்லன்.

"வர்ற வழியில தொந்தரவு ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார் நல்லுசாமி.

"வடமதுரையில ரயிலை விட்டு இறங்கினதுமே ஒரு பெரியவர் ஆடு களவு போச்சுன்னு பிராது குடுத்தாரு. அங்க நான் இன்ஸ்பெக்டராம். எரியோட்டுல பஸ்ஸை நிறுத்தி, மடியில புள்ளையைப் போட்டுத் திருநீறு பூசச் சொன்னாங்க. அங்க சாமியார் படம் ஓடுது."

"பூசுனியா?"

"பூசாம பஸ்ஸை விடுற மாதிரி தெரியல."

"நம்ம ஊர்ல?"

வீரணன் சட்டையின் முதுகுப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். சாணி.

நல்லுசாமி தலையில் அடித்துக்கொண்டார். "என்ன ஜனங்கடா இது! ஊருக்கு எந்தப் படப்பெட்டி வருதோ அதுதான் உன் குணம்னு நெனைக்குதுக. படிக்காத சனம்ப்பா. மன்னிச்சு விட்டுரு."

முன்னறைப் பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நல்லுசாமி வீட்டில் அது வழக்கம். அதிலிருந்து காளியம்மாள் எழுந்து விறுவிறுவென்று உள்ளே வந்தாள்.

"ஐயா, நம்ம புள்ளைய இவனுக்கா குடுக்கப் போறீக? வயித்துப்புள்ளக்காரியக் கொட்டுற மழையில வெளிய தள்ளுனவன்யா இவன்!"

"அது படம், ஆத்தா."

"படமோ கிடமோ, என் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். அம்புட்டு மழை!"

"அது மழையில்ல ஆத்தா" என்று வீரணன் பணிவாகக் குறுக்கிட்டார். "மேல இருந்து குழாய்ல தண்ணி விட்டாங்க."

"வேணுமின்னே தண்ணிய வேற ஊத்துனியா? அடப் பாவி!"

பின்னாலேயே மில்காரர் இருளப்பன் கன்னத்தில் துண்டைக் கட்டியபடி எட்டிப் பார்த்தார். அவர் கொஞ்சம் இரக்க சுபாவம். "ஐயா, அந்தம்மா தாலிய எந்தக் கடையில வித்தாருன்னு மட்டும் கேளுங்க. எனக்கு ஆள் தெரியும். பேசி மீட்டுரலாம்."

"வெளிய போங்கப்பா ரெண்டு பேரும்!"

போனார்கள். போகும்போது காளியம்மாள் வீரணனைப் பார்த்த பார்வைக்கு இன்னொரு சட்டை தேவைப்பட்டிருக்கும்.

"இதுகளை நம்பி நான் முடிவெடுப்பேன்னு பயப்படாதே" என்றார் நல்லுசாமி. "படத்துல ஒருத்தனுக்குக் கத்திக்குத்து விழுந்தா, கட்டுப் போட வேட்டியக் கிழிக்கிற கூட்டம்! போன மாசம் ஒருத்தன் திரைக்குப் பின்னால போயி, செத்துப்போன ராஜாவுக்குச் சோடா குடுக்கணும்னு தேடியிருக்கான்."

அடுப்படியிலிருந்து சொர்ணலட்சுமியின் குரல் வந்தது. "அண்ணே, பேச்சை விட்டுட்டு முடிவைச் சொல்லு. அந்தப் படத்த நானுந்தான் பாத்தேன், அழுதேன். அதுக்காக இவரை வேணாம்னா சொன்னேன்?"

நல்லுசாமியின் முகம் மாறியது. எழுந்தார். முன்னறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அடுப்படிக் கதவையும் சாத்தினார்.

"நல்லு, மனசுல எதுவும் இருந்தா நேரடியாச் சொல்லிடு."

"தங்கச்சிய உனக்குத்தான் குடுக்கப் போறேன். அதுல மாத்தமில்ல." நல்லுசாமி குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒரு கண்டிஷன்."

"சினிமாவ விட்டுரணுமா?"

"அதில்லப்பா. போன வாரம் திண்டுக்கல் போயிருந்தேன். உன் புதுப்படம் பார்த்தேன்."

"அதுல நான் யாரையும் வெளிய தள்ளலையே! ஏழைகளுக்கு வைத்தியம் பாக்குற பெரிய டாக்டரால்ல வர்றேன்?"

"அதான்." நல்லுசாமி நாற்காலியை இழுத்து வீரணன் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தார். சட்டைப் பித்தான்களைக் கழற்றினார். "மாடிப்படி ஏறினா நெஞ்சுல இந்த எடத்துல சுருக்குன்னு புடிக்குது. யாருகிட்டயும் சொல்லல. அந்தப் படத்துல, எல்லாரும் கைவிட்ட கேஸை நீ நாடியப் புடிச்சுப் பாத்தே எழுப்பி உக்கார வெச்சியே! கல்யாணத்துக்கு நாள் பாக்குறதுக்கு முன்னால, செத்த நேரம் என்னையும் பாரு."

நல்லுசாமி நீட்டிய கையை வீரணன் பிடித்துக்கொண்டார்.

வெளியே காளியம்மாள் கதவைத் தட்டினாள். "டாக்டரய்யா! இருளப்பனுக்குப் பல்லுவலி தாங்கல. மாப்பிள்ள பாத்தது போதும், வந்து ஒரு ஊசியப் போட்டு விடுங்க!"

"செத்த இரு ஆத்தா, வாரேன்" என்று குரல் கொடுத்துவிட்டு, வேடசந்தூரின் டாக்டர் நல்லுசாமி, எம்.பி.பி.எஸ்., மேசை மேலிருந்த தன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து நடிகரின் கழுத்தில் மாட்டினார்.